ஆனியில் பொங்கிய பால்

கோவில்பட்டி செக்கடித் தெருவில், ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் அமைந்த அந்த வளவில் குடியிருந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: பால் காய்ச்சியதில் தப்பில்லை, பால் காய்ச்சிய வீட்டில் அன்றைக்கு ராத்திரி படுக்காமல் வந்தாள் பாருங்கள், அதுதான் தப்பு. ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், புதிதாக வாடகைக்குப் பார்த்த முல்லை நகர் வீட்டுக்காரர் ஆவணி வரைக்கும் காத்திருக்க மாட்டார். அதனால் ஊரெல்லாம் செய்வதைத்தான் அந்த வளவில் குடியிருந்த செண்பகவல்லியும் செய்தாள். ஆனிக் கடைசி நல்ல நாளில் சாமி படமும் உப்பும் மஞ்சளும் குடத்துத் தண்ணீருமாகப் போய், புது வீட்டு அடுப்பில் தன் கையால் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு, வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாள். இனி ஆடி முழுக்க ஆற அமரச் சாமான்களைக் கட்டி, ஆவணி பிறந்ததும் லாரி பிடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

பால் பொங்கிய வீட்டில் ஒரு ராத்திரியாவது தலை சாய்த்துவிட்டு வா என்று எல்லோரும் சொன்னார்கள். செண்பகவல்லிக்குப் பயம். பின்கதவுத் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடியது, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் இருந்தது, வீட்டுக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் பைபாஸ் ரோடு. அவள் பயம் அந்த வளவில் பிரசித்தம். புருஷன் சங்கரபாண்டி தீப்பெட்டி ஆபீசிலிருந்து அரைமணி நேரம் தாமதமாக வந்தால் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து நடந்தே இளைத்துப்போவாள். மகள் பூரணிக்கு ஒரு தும்மல் வந்தால் இவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவளுக்கு வெளிச்சத்திலும் ரெண்டு பேய் தெரியும் என்று அதே வளவின் கோமதியக்கா கேலி செய்வாள். ஆகவே பாலைப் பொங்கவிட்டு, விளக்கைக் குளிரவைத்து, பூட்டைப் பலமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்குத் திரும்பி வந்ததும் இன்னொன்றும் நடந்தது. செண்பகவல்லி காலிசெய்கிற இந்த வளவு வீட்டுக்கு அடுத்துக் குடிவரப் போகிறவர்களுக்கும் அதே நாள்தானே நல்ல நாள்? பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் புருஷனோடு வந்து, மதினி, உங்க அடுப்புல கொஞ்சம் பால் காய்ச்சிக்கிடுதோம், ஆடி கழிஞ்சு வந்துக்கிடுதோம் என்று தயவாகக் கேட்டாள். முடியாது என்றால் சாபம் விட்டுவிடுவாளோ என்று பயந்து, செண்பகவல்லி அவளுக்குத் தீப்பெட்டி கூட எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் பாலைப் பொங்கவிட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டாள்.

ஆடி பிறந்து முதல் சந்தையில் முதல் சேதி வந்தது. முல்லை நகரில் அடுத்த வீட்டுக்காரியான முத்துச்செல்வி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, என்ன மதினி, இப்பத்தான் என்கிட்ட உறைமோர் வாங்கிட்டு உள்ளே போனீங்க, அதுக்குள்ள எனக்கு முன்னால சந்தைக்கு வந்துட்டீங்களே என்றாள். நான் அங்கே வரவே இல்லையே என்றாள் செண்பகவல்லி. முத்துச்செல்வி கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து, சொத்தை என்று கீழே போட்டுவிட்டு, அப்போ அது பால் பொங்குன ஆளா இருக்கும் என்று சொல்லி அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.

செண்பகவல்லி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வளவில் சொன்னாள். வளவு பதறவில்லை. குழாயடியில் குடத்தைத் தேய்த்தபடி கோமதியக்கா சொன்னாள், எந்தக் கை பால் பொங்கவிட்டுச்சோ அந்தக் கைக்குரிய ஆள் அங்கே இருக்கணும்லா, நீ வந்துட்டே, வீடு சும்மா கெடக்குமா, அதுவா ஒண்ணை உண்டாக்கிக்கிடும். சாத்தூரில் தன் கொழுந்தனார் வீட்டிலும் இப்படித்தான் ஆனது என்றாள் ஒருத்தி. அது நல்லா சமைக்குமா என்று கேட்டாள் இன்னொருத்தி. பிறகு பேச்சு ஆடித் தள்ளுபடிக்குப் போய்விட்டது. செண்பகவல்லி மட்டும் குழாயடியிலேயே நின்றுவிட்டாள். தன்னைப் போல ஒருத்தி தன் வீட்டில் தன் கையால் உறைமோர் வாங்கி வைத்திருக்கிறாள் என்றால், இங்கே நிற்கிற தான் யார் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

சங்கரபாண்டி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். வீடு தூசி அடையாம இருக்கும்லா, நல்லதுதானே என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள். வீடு தீப்பிடித்தாலும் முதலில் குளிர்காய்ந்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவான்.

சரி, நடக்கிறது நடக்கட்டும், வேலையாவது ஆகட்டும் என்று செண்பகவல்லி சாமான் கட்ட ஆரம்பித்தாள். எவர்சில்வர் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, ஒரு மூலையில் வைத்தாள். மறுநாள் அதை நகர்த்தப் போனால் பெட்டி பஞ்சு மாதிரி கையோடு வந்தது. கயிறு அவிழவில்லை, முடிச்சு அவள் போட்ட முடிச்சுதான். உள்ளே கசங்கிய செய்தித்தாள் மட்டும் பாத்திரங்களின் வடிவத்தில் குழிந்து கிடந்தது. சாயங்காலம் முத்துச்செல்வி போன் போட்டு, உங்க அலமாரியை இப்பத்தான் பார்த்துட்டு வாரேன் மதினி, பாத்திரமெல்லாம் என்ன அழகா அடுக்கியிருக்கீங்க என்று பாராட்டினாள்.

இது தெரிந்ததும் வளவே கொண்டாடியது. லாரி வேண்டாம், தூக்குகிற ஆள் வேண்டாம், கட்டிவைத்தால் போதும், தானாகப் போய்ச் சேர்ந்து தானாகவே பிரிந்து அடுக்கிக்கொள்கிறது. ஆட்டுரலைக் கோணியில் கட்டிவைத்தபோது பார்க்கக் கூட்டமே கூடியது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இங்கே அடியே வைக்காமல் நகர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கலைந்தார்கள். முல்லை நகர்ப் பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த கோமதியக்கா, இந்தா, இந்த மாவடு ஊறுகாயையும் உன் மூட்டையோட வச்சுக் கட்டிவிடு, உன்கிட்ட சொல்லி எடுத்துக் கொடுக்கச் சொல்லு என்று கொண்டுவந்து நீட்டினாள். எந்த என்னிடம் சொல்ல வேண்டும் என்று கேட்காமலே செண்பகவல்லி அதை வாங்கி மூட்டையில் வைத்துக் கட்டினாள்.

அவள் மூட்டை கட்டக் கட்ட இங்கே சுவர்கள் வெறிச்சென்று ஆனதும், அங்கே அந்த இன்னொருத்தி ஊன்றிக்கொண்டே போனதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முல்லை நகரிலிருந்து வருகிற சேதியெல்லாம் செண்பகவல்லியின் பேரில்தான், ஆனால் ஒன்றுகூட அவளுடைய செய்கையாக இல்லை. உங்க ஆளு என்னமா சிரிக்கா என்றார்கள். கதவைத் திறந்துபோட்டே தூங்குகிறாளாம். நாய்க்குட்டி ஒன்றை மடியில் வைத்துச் சோறூட்டுகிறாளாம். பைபாஸைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க் கீரை பறித்து வருகிறாளாம், அதுவும் லாரிகள் பறக்கிற நேரத்தில். தெருவுக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. பீங்கான், படுக்கை, சாமி படங்கள், அரிசி, பருப்பு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, ஆனால் செண்பகவல்லியின் பயத்தை மட்டும் எந்தப் பெட்டியிலும் அவள் வைத்துக் கட்டவில்லை, அது எப்படி அங்கே போகும்?

ஒருநாள் அவள் கட்டுவதை நிறுத்திவிட்டாள். இனி ஒரு ஸ்பூனைக்கூடத் தாளில் சுற்றமாட்டேன், ஆவணி வரட்டும், நானே கையில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று உட்கார்ந்துகொண்டாள். ஆனால் உட்காரவும் இடமில்லை. ஒரு காலையில் வாசலில் அவள் போட்ட கோலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோலம் கிடந்தது. அடுப்படிக்குள் போனால் பச்சைச் சேலைக்காரி நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவளும் பால் பொங்கவிட்டுவிட்டுப் படுக்காமல் போனவள்தானே. ஒரே உறையில் ரெண்டு கத்தி இருக்காது என்றாலும் அந்தப் பெண் சண்டைக்காரி இல்லை. நகர்ந்து இடம்விட்டாள், காப்பி போட்டுக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு, மதினி, நீங்க எப்ப காலி பண்ணுதீங்க என்று பிரியமாகவே கேட்டாள். இரண்டொரு நாளில் வளவுக்காரர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். குழாயடியில் பச்சைச் சேலைக்காரிக்கு முறை ஒதுக்கிக் கொடுத்தார்கள். செண்பகவல்லி குடத்தோடு போனால், நீ இன்னும் போகலையா என்று கேட்டுவிட்டு, பாவம் என்று ஒரு குடம் விட்டார்கள்.

அடுத்து சங்கரபாண்டி போனான். சவரக் கத்தியையும் கைலியையும் ஒரு பையில் போட்டு, என்றைக்கிருந்தாலும் கட்டத்தானே வேண்டும் என்று அவனே முடிச்சுப் போட்டுவைத்தான். விடிந்தபோது பாயில் ஆள் இல்லை. அலறியடித்துக்கொண்டு போன் போட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். நீ அடுப்படியில தோசை சுட்டுட்டு இருக்க. இது யாரு பேசுறது?"

"நான் செண்பகம்."

அந்தப் பக்கம் தோசைக் கல் சொய்யென்றது. பிறகு அவன், சரி, ரெண்டு பேரும் ஒண்ணுதானே, நீயும் வந்துரு, எதுக்கு அங்கே கெடந்து கஷ்டப்படுதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். புருஷனுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது அவளைச் சுட்டது. தோசை முறுகலாக வந்தால் அவனுக்கு எல்லாப் பெண்களும் செண்பகம்தான் போலிருக்கிறது என்று அழுதாள்.

இனி பூரணி மட்டும்தான். ஒன்பது வயதுப் பிள்ளை. அவளுடைய கவுனையோ சீப்பையோ ரிப்பனையோ எந்தப் பைக்கும் அருகே போகவிடாமல் செண்பகவல்லி காவல் காத்தாள். துவைத்த துணியை மடிக்கக்கூட இல்லை, மடித்தால் கட்டியதாகிவிடுமோ என்று பயந்து கொடியிலேயே போட்டுவைத்தாள். சேலை முந்தானையைப் பிள்ளையின் கையில் சுற்றிக்கொண்டு படுத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூரணி வழக்கம்போல வீட்டுப்பாடத்தை முடித்து, புத்தகத்தையும் நோட்டையும் பென்சில் டப்பாவையும் பள்ளிக்கூடப் பையில் அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடி, வாசல் பக்கம் வைத்தாள். தினமும் பிள்ளை செய்கிற காரியம்தான், அதையும் சாமான் கட்டுவது என்று யார் நினைப்பார்கள்? விடிந்தபோது முந்தானை சுற்றியபடியே இருந்தது. உள்ளே கை இல்லை.

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை ஓடினாள். முல்லை நகர் பஸ்ஸில் ஒரு கால் வைத்தாள். அந்த வாசலில் போய் நின்றால், கதவைத் திறந்துகொண்டு தன் முகமே வெளியே வந்து யார் வேணும் என்று கேட்குமே, அந்த முகத்துக்குப் பின்னால் நின்று பூரணியும் யாரும்மா அது என்று கேட்டுவிட்டால் தான் உயிரோடு இருப்போமா என்று நினைத்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்க்கவும் பயப்படுகிற தாய் உலகத்தில் உண்டா என்று தன்னைத்தானே திட்டினாள். திட்டியும் கால் ஏறவில்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிள்ளையைப் பார்த்தாள். பூரணி இரட்டைச் சடை பின்னி, வேளைக்குச் சாப்பிட்ட முகத்தோடுதான் வந்தாள். தன் பையனோடு சேர்த்து அவளையும் கூட்டிப்போக முத்துச்செல்விதான் வந்தாள். அந்த இன்னொருத்தி வருவதில்லை. பிள்ளை தானாக வந்துவிடும் என்று சொல்லிவிட்டாளாம்.

ஒருநாள் முத்துச்செல்வி வண்டிக்குப் பின்னால் இருந்தவளைக் கண்டுகொண்டாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"என் சேலையையும் ஒரு பையில போட்டுக் கட்டிட்டா நானும் அங்க வந்துருவேன்தானே மதினி? வந்தா, அது நானா இருப்பேனா?"

முத்துச்செல்வி யோசிக்கக்கூட இல்லை. "அது எனக்கெப்படி மதினி தெரியும்? இந்த வீட்ல பால் பொங்குன நாள்ல இருந்து நான் நல்லாத்தான் இருக்கேன். முன்ன கயத்தாத்துப் பழைய வீட்ல இருந்தவ என்ன ஆனாள்னு அவகிட்டதான் கேக்கணும்."

சொல்லிவிட்டு அவள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். செண்பகவல்லி பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். சூடான கைதான், வளையல் போட்ட கைதான். ஊரில் எத்தனை வீட்டில் பால் பொங்கியிருக்கிறது, எத்தனை பேர் அன்றைக்கு ராத்திரி படுக்காமல் திரும்பியிருப்பார்கள், தான் இத்தனை வருஷமாக மதினி, அக்கா என்று பேசிப் பழகியவர்களில் யார் யார் எந்த ரகம் என்று நினைக்க நினைக்கத் தெருவே அந்நியமாகத் தெரிந்தது. கரும்புச்சாறு வண்டிக்காரர் மட்டும் சாறு பிழிந்துகொண்டே இருந்தார்.

அதற்குள் பூரணி வந்துவிட்டாள். அம்மா என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யாரும்மா அது என்று கேட்கவில்லை. செண்பகவல்லி மண்டியிட்டுப் பிள்ளையின் நெற்றி, கை, முழங்கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, அந்த அம்மா உன்னை அடிக்காளா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள் பிள்ளை. அந்த அம்மா கோபப்படுவதே இல்லையாம், தலை சீவிவிடுகிறாளாம், கேட்டதெல்லாம் செய்து கொடுக்கிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி,

"நேத்து மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னேன்மா. அந்த அம்மா பாத்தாம்மா. பாத்துட்டு, இறங்கும்போது கொடியில கெடக்க துணியை எடுத்துட்டு வான்னு சொல்லிட்டுப் போயிட்டா. எனக்குப் பயமா இருந்துச்சும்மா" என்றாள்.

உயரத்தைப் பார்த்தா என்று கேட்டாள் செண்பகவல்லி. பூரணி இல்லை என்று தலையாட்டிவிட்டு, எதைப் பார்த்து என்று சொல்லத் தெரியாமல் விழித்தாள். செண்பகவல்லிக்குச் சொல்லாமலே விளங்கியது. தனக்காகப் பயப்பட ஆளில்லாத வீட்டில் பிள்ளை தானே பயப்பட வேண்டியிருக்கிறது.

அன்றைக்குப் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வளவுக்குப் போனாள். வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆணின் செருப்புகள் கிடந்தன, கொடியில் யாருடைய சட்டைகளோ காய்ந்தன. பச்சைச் சேலைக்காரி நிலைவாசலை மறித்து நிற்கவில்லை, ஆனால் விலகவும் இல்லை. பூரணி அம்மாவின் விரலை இழுத்து, வேண்டாம்மா, இது வேற யாரோ வீடு, நான் அங்கேயே போறேன், என் பை அங்கேதானே போகும் என்றாள். செண்பகவல்லி அவளை முத்துச்செல்வியோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, கோமதியக்கா வீட்டு நடையில் ஒண்டிக்கொண்டாள். விடிந்ததும் கிளம்பினாள். போறேன்னு சொல்லாதே, போய்ட்டு வாரேன்னு சொல்லு என்று வளவு முழுக்க வழக்கப்படி எடுத்துக் கொடுத்தது. வருகிறேன் என்று சொல்ல அவளுக்கு அங்கே ஒன்றுமில்லை. சேலையைப் பையில் போட்டுக் கட்டவும் இல்லை, வெறுங்கையோடு நடந்தாள். கட்டிப்போனால் யாராகப் போய்ச் சேருவேனோ, நடந்துபோனால் நானாகப் போய்ச் சேருவேன் என்பதுதான் அவள் கணக்கு.

முல்லை நகரில் இறங்கி நடக்கும்போதே பூரணி தெரிந்தாள். மொட்டை மாடியில், தொட்டியின் விளிம்பில், பாவாடை காற்றில் படபடக்க நின்றுகொண்டிருந்தாள். கீழே கீரைப் பாத்தியில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்து அதைப் பார்த்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, அழகாகச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தாள். செண்பகவல்லி தன் முகத்தை முதன்முதலாக வெளியில் பார்த்தாள். பயம் இல்லாத தன் முகம் அவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கால் பின்வாங்கியது. ஆனால் பிள்ளையின் பாதம் விளிம்பில் நழுவுவதைக் கண் பார்த்துவிட்டது.

"ஏய் பூரணி! இறங்குடி கீழே! உசிரோட என்னைக் கொல்லவா பிறந்தே?"

தெருவே வெளியே வந்து பார்த்தது. பிள்ளை பதறி உட்கார்ந்து, மெல்ல இறங்கி, படிகளில் தடதடவென்று ஓடிவந்தாள். வந்தவளை ஒரு அடி அடித்து, அடித்த கையாலேயே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் செண்பகவல்லி. பூரணி ஓவென்று அழுதாள். பல நாளாக அடக்கிவைத்த அழுகை அது. சங்கரபாண்டி பல் துலக்கிய நுரையோடு வெளியே வந்து, இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி என்று மாறி மாறிப் பார்த்தான். அவன் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. ரெண்டு பேரும் ஒன்றில்லை என்பது அவனுக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தப் பெண் கீரையை முந்தானையில் ஏந்தியபடி எழுந்து வந்தாள். கோபமில்லை, வருத்தமில்லை. பயப்படத் தெரியாதவளுக்கு இழந்துபோவோமே என்ற பயம் மட்டும் எங்கிருந்து வரும்? கீரையைச் செண்பகவல்லியின் முந்தானைக்கு மாற்றிக் கொட்டினாள்.

"குழம்பு அடுப்புல இருக்கு. பாத்துக்கோ" என்றாள்.

சொல்லிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். முத்துச்செல்வி தன் வாசலில் இருந்தபடியே, எங்க மதினி கிளம்பிட்டீங்க என்று விசாரித்தாள். அவள் திரும்பிச் சிரித்தாளே தவிர பதில் சொல்லவில்லை. தெருமுனை தாண்டி நேரே பைபாஸுக்குப் போனாள். லாரிகளும் பஸ்களும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு பறந்தன. அவள் நிற்கவில்லை, இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை, கையை வீசிக்கொண்டு குறுக்கே நடந்தாள்.

பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லிக்கு அவளை நினைத்தும் பயமாக இருந்தது.